கிடாரம் தூக்குகிற மூச்சு

தம்பி, உனக்கும், பக்கத்தில் இருந்துகொண்டு ஒவ்வொரு வரிக்கும் "என்ன எழுதியிருக்கிறா?" என்று உன்னைக் குடையப் போகிற மருமகள் சினாவுக்கும் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். குளிர் தொடங்கிவிட்டதால் அப்பாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல ஒத்துழைக்க மறுக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ டனீடினில் இருந்து டெலிபோன் எடுத்ததில் இருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சேர்ந்திசைக் குழுவை உன் கையில் தந்துவிட்டார்கள் என்று நீ சொன்னதும் நான் போட்ட சத்தத்தில் அப்பா முகத்தில் சவர நுரையோடு ஓடி வந்தார். பிறகு நீ குரலைத் தாழ்த்தி, "அம்மா, ஒரு பிரச்சினை. நான் கையைப் போட்டதும் பிள்ளையள் தொடங்குகினம், ஆனா மூச்சு எடுக்காமல் தொடங்குகினம். முதல் சொல்லு தொப்பெண்டு விழுகுது. நீங்கள் அதை எப்பிடித் திருத்தினீங்கள்?" என்று கேட்டாய். எனக்கு வந்த சிரிப்பைச் சிரமப்பட்டு அடக்கினேன். பல்கலைக்கழகத்தில் இசை படித்துப் பட்டம் வாங்கிய நீ, மவுண்ட் வெல்லிங்டன் தேவாலய மண்டபத்தில் என்னிடம் நீட்டிக் காட்டிய அதே குறை இப்போது உன் கையிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. டெலிபோனில் கை தெரியாது, எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். கடிதத்திலும் கை தெரியாதுதான். ஆனால் கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எனக்கு அந்த வசதி போதும்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன், நீ என்னைப் பெரிய ஆளாக நினைத்துவிடக் கூடாது. யாழ்ப்பாணத்தில் நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திசைக் குழு இருந்தது. சைவப் பிள்ளைகளும் அதில் பாடலாம். எனக்குக் கட்டைக் குரல், ஆகவே கீழ்க்குரல் வரிசையில், பள்ளிக்கூடத்திலேயே உயரமான ஒருத்திக்குப் பின்னால் நிறுத்தினார்கள். மிஸ் எங்களை நடத்திய கையை நான் அங்கே படித்த காலம் முழுக்கப் பார்த்ததே இல்லை. அந்த உயரமானவளின் முதுகு எப்போது விரிகிறதோ அப்போது நானும் தொடங்குவேன், பிழைத்தது கிடையாது. வீட்டுக்கு வந்தால் பாட்டு ரீச்சர். அவரிடம் தொடையில் தட்டி, விரல் எண்ணி, கை வீசித் தாளம் போட்டுப் படித்தேன். ஆக, இந்த நாட்டுக்கு வந்த பிறகு சான்ட்ரிங்ஹாமில் நாங்கள் ஒரு தமிழ்ச் சேர்ந்திசைக் குழு தொடங்கி, "நீங்கள்தானே மிஷன் பள்ளிக்கூடம், நீங்களே நடத்துங்கோ" என்று என்னை முன்னால் தள்ளியபோது, என் கைக்குத் தெரிந்தது தாளம் ஒன்றுதான். அதையே போட்டேன்.

அந்தக் குழுவை நீ சின்ன வயதில் இருந்தே பார்த்திருக்கிறாய். சனிக்கிழமைப் பின்னேரம் மெயின் ரோட்டுக் கடைகளில் சாமான் வாங்கிக்கொண்டு, உட்காரும் கதிரைக்குக் கீழே வெங்காயப் பையை வைத்துவிட்டுப் பாட நிற்பவர்கள். பாதிப் பேர் யாழ்ப்பாணம், பாதிப் பேர் தமிழ்நாடு. யாராவது "கதைக்காதேங்கோ" என்று அதட்டினால், "நான் பேசவே இல்லீங்களே" என்று பதில் வரும். எல்லோருக்கும் நல்ல குரல், எல்லோரும் முறையாகச் சங்கீதம் படித்தவர்கள், அதனாலேயே எல்லோரும் அவரவர் தொடையில் அவரவர் தாளம் போட்டுக்கொண்டு தங்கள் கையையே பார்த்துப் பாடுவார்கள். நான் என் உள்ளங்கையைப் பார்த்து நடத்துவேன். ஒருவரை ஒருவர் பார்க்காமல் நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தோம். மூச்சு அவரவருக்கு முட்டுகிற இடத்தில் எடுத்துக்கொண்டார்கள், அதை ஒருவரும் குறையாக நினைக்கவில்லை.

பிறகு நீ சினாவைக் கூட்டிக்கொண்டு வந்தாய். அவள் எந்த நாடு, என்ன சமயம், என்ன சாப்பிடுவாள் என்று அப்பா மெல்லச் சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டிருக்க, நான் கேட்டது ஒன்றுதான்: மேல்குரலா, கீழ்க்குரலா? கீழ்க்குரல் என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே சம்மதம். அவளுடைய அப்பாதான் அவர்கள் தேவாலயத்துச் சேர்ந்திசைக் குழுவை நடத்துகிறவர் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஊரில் சமோவா மக்கள் பாடுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், நான்கு பேர் பஸ்ஸுக்கு நின்றால்கூட நான்கு குரலாகப் பிரிந்து பாடக்கூடியவர்கள். காலையில் தேவாலயத்தில் ஒரு கலியாணம், பின்னேரம் மண்டபத்தில் எங்கள் முறைப்படி ஒரு கலியாணம் என்று முடிவானபோது நீதான் அந்த ஆசையைச் சொன்னாய். தாலி கட்டி முடிந்ததும் இரண்டு குழுவும் சேர்ந்து ஒரு வாழ்த்துப் பாட வேண்டும், அம்மா நடத்த வேண்டும். அப்பா நாலு வரி எழுதினார். டவுனில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் போன கோடை அது, அவருடைய அலுவலகம் மூடிக் கிடந்தது, இல்லாவிட்டால் அந்த நாலு வரியும் பிறந்திருக்காது. நான் மோகனத்தில் மெட்டுப் போட்டேன்.

மவுண்ட் வெல்லிங்டனில் அவர்கள் தேவாலய மண்டபத்தில் நடந்த முதல் கூட்டு ஒத்திகைக்கு நீயும் வந்திருந்தாய், ஆனாலும் அது என் பக்கத்தில் இருந்து எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். நான் முன்னால் போய் நின்று, வலது கையை உயர்த்தி, இடது உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினேன். எங்கள் ஆட்கள் அந்தத் தட்டிலேயே பாடத் தொடங்கினார்கள். தட்டு விழுகிற இடம்தானே பாட்டு எடுக்கிற இடம், சின்ன வயதில் இருந்து அப்படித்தானே பழகியிருக்கிறோம். சினாவின் ஆட்களோ அந்தத் தட்டில் மூச்சை எடுத்தார்கள். முன்னால் நிற்பவர் முதலில் காட்டுவது மூச்சுக்கு, அடுத்ததுதான் பாட்டுக்கு என்பது அவர்கள் பழக்கம். நாங்கள் ஒரு தட்டு முன்னால் ஓட, அவர்கள் ஒரு தட்டுப் பின்னால் வர, அப்பாவின் நாலு வரியும் இரண்டு பாட்டாகிப் போனது. நாங்கள் முடித்து வாயை மூடிய பிறகும் அவர்களுடைய கடைசிச் சொல் மண்டபத்தில் நின்றது.

"அவையள் பிந்தி வருகினம், கவனிச்சனீங்களே?" என்று புஷ்பமக்கா என் காதுக்குள் சொன்னார். எங்கள் மேல்குரலில் முதல் ஆள் அவர், ஆகவே அவர் சொன்னால் எடுபடும். அந்தப் பக்கத்தில், இவர்கள் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்று யாரோ சிரித்தது எனக்கும் கேட்டது. எங்கள் தமிழ்நாட்டு ஜானகிக்கு வேறு கவலை. "மோகன ராகத்துல மத்யம ஸ்வரம் ஏதுங்க? அவங்க அடிக்குரல்ல கூசாம பாடுறாங்க" என்று மெட்ராஸ் சங்கீதம் முழுவதும் என் தலையில் வந்து இறங்கியது. நான் சத்தமாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிப் பார்த்தேன். சேர்ந்து தொடங்கினார்கள், ஆனால் தேகப்பயிற்சி வகுப்புப் போல இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு நிறுத்தம் இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் எண்ணினால்தான் சேருவார்கள். மாப்பிள்ளையின் தாய் பட்டுச் சேலையோடு நின்று கலியாண மண்டபத்தில் ஒன்று இரண்டு என்று கத்துவதை நினைத்துப் பார்.

அப்போதுதான் நீ வந்து, "அம்மா, நீங்கள் மூச்சே எடுக்கிறேல்லை. கை மேல போகேக்கை மூச்சு எடுக்கவேணும்" என்றாய். பிறகு இங்கிலீஷில் பாடப் புத்தகம் ஒப்பிக்கத் தொடங்கினாய். "பிறந்த நாளில இருந்து எடுத்துக்கொண்டுதானடா இருக்கிறன்" என்று நான் வெடித்தேன். சம்பந்தி, சினாவின் அப்பா, புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். அவர் எதற்கெடுத்தாலும் புருவத்தை உயர்த்துவார். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் போல என்று நினைப்பேன். அவர்களுக்குள் அது "ஓம், சரி" என்பதற்கு அடையாளம் என்று சினா பிறகுதான் சொன்னாள். நாங்கள் தலையை ஆட்டுவதைப் பார்த்து அந்த மனிதர் இத்தனை நாளும் என்ன நினைத்தாரோ.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பாவிடம், என் கை எப்படி இருக்கிறது, உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். அவர் அடிக்குரலில் பாடுகிறவர், பாடும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்பவர். "எனக்கென்ன தெரியும், நான் பார்க்கிறேல்லையே" என்றார். வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போது, "ஒருக்காப் பார்த்தன். உடுப்புக் காயப்போடுற மாதிரி இருந்தது" என்றார். மறுநாள் புஷ்பமக்கா டெலிபோன் எடுத்து, "ஏன் கரைச்சல்? அவையள் தங்கட பாட்டைப் பாடட்டும், நாங்கள் எங்கட பாட்டைப் பாடுவம். எல்லாருக்கும் மரியாதை" என்றார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. உனக்குச் சொன்னேன். நீ சண்டை பிடிப்பாய் என்று எதிர்பார்த்தேன். "சரி அம்மா" என்று மட்டும் சொன்னாய்.

அந்த "சரி அம்மா" எனக்குத் தாங்கவில்லை. பாட்டு ஒரு சாட்டு, நீ கேட்டது வேறு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு குழுவும் தனித்தனியாகப் பாடினால் இரண்டு குடும்பமும் தனித்தனியாகக் கை தட்டும். மண்டபத்தில் இந்தப் பக்கம் சேலைகள், அந்தப் பக்கம் பூப்போட்ட சட்டைகள், நடுவில் ஒரு வழி. அந்த வழி பிறகு உங்கள் வீட்டுக்குள்ளும் வரும், பிள்ளை பிறந்தால் தொட்டிலுக்குப் பக்கத்திலும் வரும். இதை நினைத்து நான் அழுதேன், அப்பாவுக்குத் தெரியாது, இப்போது நீ வாசித்துக் காட்டப் போவதால் சினாவுக்கும் தெரிந்துவிடும். பரவாயில்லை, தெரியட்டும். என் கை ஒழுங்காக ஏறி இறங்காததால் அந்த வழி வந்துவிடக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். ஆனால் என்ன செய்வதென்று ஒன்றும் தெரியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் கோயில் அன்னதானத்துக்குச் சமைக்கப் போயிருந்தோம். பெரிய கிடாரத்தில் சாம்பார். உனக்கு அந்தக் கிடாரம் தெரியும், நீயே ஒருகாலத்தில் உள்ளே இறங்கி நின்று கழுவியிருக்கிறாய். அடுப்பில் இருந்து அதை இறக்க அப்பாவும் வேறு மூன்று பேரும் துணியைச் சுற்றிப் பிடித்தார்கள். ஒருவரும் எண்ணவில்லை. அப்பா மற்றவர்களின் முகத்தை ஒரு சுற்றுப் பார்த்தார், மூச்சை உள்ளே இழுத்தார், நான்கு பேரும் இழுத்தார்கள், கிடாரம் எழும்பியது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பாடும்போது கண்ணை மூடுகிற அதே மனிதர்! பள்ளிக்கூடத்தில் அந்த உயரமானவளின் முதுகு ஏன் விரிந்தது என்று அந்த அடுப்படியில்தான் எனக்கு விளங்கியது.

"எல்லாருக்கும் ஒரேயடியா எப்பிடித் தெரிஞ்சது?" என்றேன்.

"என்ன கேள்வியிது? மூச்சை எடுத்தம், தூக்கினம்" என்றார் அப்பா.

"திருப்பி அடுப்பில வையுங்கோ. இன்னொருக்காத் தூக்குங்கோ."

"கொதிக்குதப்பா!"

வைக்கச் சொன்னேன், தூக்கச் சொன்னேன், மறுபடியும் வைக்கச் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த புஷ்பமக்கா, "கலியாண வீட்டு யோசனையில இவவுக்கு விசர் பிடிச்சிட்டுது" என்று எல்லோருக்கும் அறிவித்தார். நான் அப்பாவின் தோளையும் வாயையும் பார்த்துக்கொண்டு நின்றேன். தூக்குகிற கை கீழே இருந்து மேலே வருகிறது. பாரம் எவ்வளவோ அவ்வளவு மூச்சு. மெதுவாகத் தூக்க வேண்டுமென்றால் மூச்சும் மெதுவாக வருகிறது. தட்டுவது வேறு, தூக்குவது வேறு. தட்டுகிற கை வந்து முடிகிறது. தூக்குகிற கையில்தான் மற்றவன் சேர்ந்துகொள்ள இடம் இருக்கிறது.

கலியாணத்துக்கு வருகிற உறவினர்களின் விசா அலுவலாக நீ அலைந்துகொண்டிருந்ததால் அடுத்த ஒத்திகைக்கு வரவில்லை, ஆகவே நடந்ததைக் கேள். கோயிலில் கெஞ்சிக் கேட்டு அந்தக் கிடாரத்தை வாங்கி, கார் டிக்கி மூடாமல் கயிறு கட்டினேன், மவுண்ட் வெல்லிங்டன் வரை அப்பா முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். தேவாலய மண்டபத்தின் நடுவில் அதை வைத்து, கால்வாசிக்குத் தண்ணீர் நிரப்பினேன். சாப்பாடு வந்திருக்கிறது என்று நினைத்து அவர்கள் பக்கத்தில் சிலர் எழும்பி வந்துவிட்டார்கள். ஒரு பிடியைச் சம்பந்தியிடம் கொடுத்தேன், மறு பிடியைப் புஷ்பமக்காவிடம் கொடுத்தேன். ஒரு சொல்லும் பேசக் கூடாது, எண்ணக் கூடாது, தூக்குங்கள் என்றேன். புஷ்பமக்கா குனிந்து தன் கையையே பார்த்தபடி முந்திக்கொண்டு இழுத்தார். தண்ணீர் சம்பந்தி காலில் போட்டிருந்த சப்பாத்துக்குள் போனது. மண்டபம் முழுக்கச் சிரிப்பு. புஷ்பமக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நிமிர்ந்து அவற்ற முகத்தைப் பாருங்கோ அக்கா" என்றேன். பார்த்தார். சம்பந்தி புருவத்தை உயர்த்தினார், மார்பு நிறைய மூச்செடுத்தார், புஷ்பமக்காவும் எடுத்தார், கிடாரம் ஆடாமல் அசையாமல் மேலே வந்தது.

ஒருவர் மாறி ஒருவர் எல்லோரும் தூக்கினார்கள், சேலையும் பூச்சட்டையுமாகச் சோடி சோடியாக. பிறகு எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, இப்போது கிடாரம் இல்லை, ஆனால் நான் தூக்குகிறேன், நீங்களும் என்னோடு தூக்குங்கள் என்று கையைக் கீழிருந்து மேலே கொண்டுவந்தேன். வாயைத் திறந்து மூச்சை எடுத்தேன். என்னோடு அந்த மண்டபமே எடுத்த சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த கணம் முதல் சொல் ஒரே குரலாக, பஞ்சு மாதிரி வந்து இறங்கியது. மகனே, என் வாழ்க்கையில் உன்னைப் பெற்றதற்கு அடுத்தபடியாக நான் சந்தோஷப்பட்ட நேரம் அதுதான் என்று எழுதினால் அப்பா கோபிப்பார். எழுதிவிட்டேன். ஜானகியின் மத்யமத்துக்கும் அன்றே தீர்ப்பு ஆனது. "அடிக்குரல் மத்யமம் பொம்பிளை வீட்டு விருந்தாளி, ஒண்டும் சொல்லப்படாது" என்றேன். "ஆமா, கேக்கக் கேக்க நல்லாத்தான் இருக்கு, போங்க" என்று அவரே சிரித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. புதிதாகக் கண்டுபிடித்தவளுக்கு அடக்கம் எங்கே இருக்கும்? அடுத்த ஒத்திகையில் கையைக் கூரை வரைக்கும் தூக்கினேன். அவர்கள் கூரை வரைக்கும் பாடினார்கள். மெதுவாகப் பாட வேண்டிய இரண்டாவது வரி ஊர்வலம் மாதிரி இருந்தது. பிழை அவர்களுடையது என்று கொஞ்ச நேரம் அவர்களை ஏசினேன், பிறகுதான் என் கையைக் கவனித்தேன். பெரிய மூச்சைக் காட்டிவிட்டுச் சின்னப் பாட்டைக் கேட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? அதன்பிறகு தினமும் வேலையால் வந்ததும் வரவேற்பறை ஜன்னல் கண்ணாடியில் என் உருவத்தைப் பார்த்துப் பழகினேன். எதிர் வீட்டு மனிசி நான் தனக்குக் கை காட்டுவதாக நினைத்து ஒவ்வொரு நாளும் பதிலுக்குக் கை காட்டினா. ஒரு நாள் நீட்டிப் பாடுகிற கடைசிச் சொல்லுக்குக் கையைப் பரப்பிக்கொண்டு நெடுநேரம் நின்றேன். ஏதாவது ஆபத்தா என்று கேட்டுக்கொண்டு கேட்டைத் திறந்து ஓடி வந்துவிட்டா. கலியாணத்துக்கு அவவையும் கூப்பிட்டேன், மாம்பழ நிறச் சட்டையில் வந்தது அவதான்.

அந்த ஜன்னலில் நான் படித்ததைத்தான் உனக்குத் தர முடியும். தோளைத் தூக்காதே. நீ தோளைத் தூக்கினால் பிள்ளைகளும் தூக்குவார்கள், மூச்சு கழுத்திலேயே நின்றுவிடும். விலாவில் இடம் விடு. கையைத் தூக்குகிற வேகம்தான் பாட்டின் வேகம், அதைத் தூக்குகிற நயம்தான் பாட்டின் நயம், ஆகவே தொடங்குவதற்கு முன்பே பாட்டு முழுவதும் உன் மூச்சில் இருக்க வேண்டும். நீட்டிப் பாடுகிற சொல்லுக்குக் கையை மரம் மாதிரி நிறுத்தாதே, தோசை மாவை ஊற்றிப் பரப்புகிற மாதிரி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கட்டும், இல்லாவிட்டால் குரல் செத்துவிடும். உள்ளங்கையைக் கவிழ்த்தால் அடங்குவார்கள், நிமிர்த்தினால் வருவார்கள், ஒரேயடியாக இரண்டையும் செய்தால் உன்னைப் பார்ப்பதை விட்டுவிடுவார்கள். நான் முன்பு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு சைகை காட்டினேன், நீயும் காட்டுவாய் என்று எனக்குத் தெரியும், உனக்கு என் அவசரம். குறைத்துக்கொள். பாட்டுப் பேப்பரை மனப்பாடம் செய்துவிட்டுப் போ. பிள்ளைகளின் முகத்தைப் பார், பயந்து நிற்கிற பிள்ளையை முதலில் பார். உன் கையைப் பார்க்காதே, அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். என்னைப் போல வெடிக்காதே என்றும் எழுத நினைத்தேன். ஆனால் வெடித்துவிட்டு உடனே சிரிக்கத் தெரிந்தால் பிள்ளைகள் மன்னித்துவிடுவார்கள், நீ என்னை மன்னித்தாயே.

எங்கள் ஆட்களின் தொடைத் தாளத்தை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை. கையைக் கட்டச் சொன்னால் ஜானகியின் விரல் சேலை மடிப்புக்குள் எண்ணியது. கடைசியில் ஒவ்வொரு பெண்ணின் கையிலும் பூ நிறைந்த ஒரு தட்டைக் கொடுத்து இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னேன். கை வேலையாக இருந்ததால் கண் நிமிர்ந்தது. கலியாணத்தன்று அதைப் பார்த்து எவ்வளவு அழகான வழக்கம் என்று சினாவின் உறவினர்கள் படம் எடுத்தார்கள். ஓம், மிகப் பழைய வழக்கம் என்று அப்பா கூசாமல் சொல்லிவைத்தார்.

இனிக் கலியாணத்துக்கு வருகிறேன். நீ தாலி கட்டிய பரபரப்பில் இருந்தாய், உனக்கு அரைவாசிதான் தெரியும். மேளம் ஓய்ந்ததும் ஐயர் எனக்குத் தலையசைத்தார். பூத்தட்டுகளோடு எங்கள் ஆட்களும் அவர்களும் கலந்து நின்றார்கள். புஷ்பமக்கா தானாகவே போய்ச் சம்பந்திக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். நான் கையைக் கீழே வைத்து எல்லோருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தேன், அப்பா கண்ணைத் திறந்து வைத்திருந்தார். தூக்கினேன். முதல் வரி வந்தது, இரண்டாவது வரி மெதுவாக, நான் கேட்ட மெதுவில் வந்தது. மூன்றாவது வரியில், உங்கள் இருவருடைய பெயரையும் அப்பா சேர்த்து வைத்திருந்த இடத்தில், அந்த இரண்டு பெயரையும் அத்தனை பேரும் ஒரே வாயால் சொன்னபோது, கண் நிறைந்து ஒருவரும் தெரியவில்லை. கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

அடுத்தது கடைசி வரி. அதற்கு முன்னால் நிறுத்தம், எல்லோரும் சேர்ந்து மூச்சு எடுத்தால்தான் தொடங்கலாம், எடுக்கச் சொல்ல என் கை இல்லை. போயிற்று, எல்லாம் போயிற்று, இரண்டாகப் பிரியப் போகிறார்கள் என்று நினைத்தேன். அப்போது கேட்டது அந்தச் சத்தம். சேலையும் பூச்சட்டையும் கலந்து நின்ற அத்தனை பேரும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஒன்றாக மூச்சை எடுத்தார்கள். ஒருவரும் முந்தவில்லை, ஒருவரும் பிந்தவில்லை. கடைசி வரி வந்தது. நீயும் மற்ற எல்லோரும் அம்மா வரியை மறந்துவிட்டா என்று நினைத்திருப்பீர்கள். இல்லை தம்பி. முன்னால் நின்று நடத்துகிறவர் பாடக் கூடாது, நானும் இத்தனை வருடம் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு நான் வேண்டியிருக்கவில்லை என்று கண்டதும் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, என் கட்டைக் குரலில் நானும் சேர்ந்து பாடினேன். என் மகனின் கலியாணத்தில் நான் பாடினேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மணவறைப் பக்கம் திரும்பினேன். கடைசி வரியை இரண்டாம் தரம் எடுப்பதற்கு முன்னால் உள்ள மூச்சு அது. நீ வாயைத் திறந்திருந்தாய், சினாவும் திறந்திருந்தாள். நீங்கள் என்னையும் பார்க்கவில்லை, குழுவையும் பார்க்கவில்லை. கழுத்தில் கிடந்த கனத்த மாலைகள் இரண்டும் ஒரே நேரத்தில் மேலே எழும்பின.

அம்மா